சுதேசிக் கப்பலும் அந்நிய என்ஜினும்

சென்ற குடியரசு தினத்துக்கு மறுநாள், திருச்சிராப்பள்ளியில் நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு சம்பவம் நடந்தது. பத்தாம் வகுப்பில் பௌதிக பாடம் நடத்தப் புகுந்தேன். பையன்களுக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. டில்லி அணிவகுப்பைப் பற்றிய பேச்சு, விமானங்களில் தொடங்கி, ஏவுகணைகளுக்குத் தாவி, ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில் வந்து நின்றது. "அது நம் தமிழ்நாட்டிலேயே செய்தது சார்!" என்று ஒருவன் மார்தட்டினான். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். அப்போது கடைசிப் பெஞ்சியிலிருந்து, துப்பாக்கித் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் பிள்ளை, மெல்ல எழுந்து நின்றான்.

"சார், டாங்கியின் பெயர் அர்ஜுன். அதன் என்ஜினின் பெயர் என்ன?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை எனக்குத் தெரியும். அர்ஜுனில் உள்ளது ஆயிரத்து நானூறு குதிரைச் சக்தி கொண்ட ஜெர்மானிய என்ஜின். கொடி ஏற்றி இருபத்து நான்கு மணி நேரம் கூட ஆகாத நிலையில் அதைச் சொல்ல நாக்கு கூசிற்று. ஆயினும் பொய் சொல்வது உபாத்தியாயருக்கு அழகல்ல. சொன்னேன். பையன் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் ரதம் நம்முடையது, குதிரைகள் ஜெர்மனியுடையவையா சார்?" என்றான்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. எந்த ஆயுதத்தை நாமே செய்துகொள்ள வேண்டும், எதை அயலாரிடம் வாங்கலாம், வாங்கினால் என்ன விலை கொடுக்கிறோம் என்பவை இராணுவ நிபுணர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல. எல்லையில் நிற்கிறவன் நம் வீட்டுப் பிள்ளை. அவன் கையில் இருப்பதற்குப் பணம் கொடுப்பவர்களும் நாமே. ஆகவே நம் குடும்பங்களிலும் இதைப் பற்றிச் சற்றே ஆற அமரச் சிந்திப்பது அவசியம்.

தூத்துக்குடி தந்த பாடம்

சுதேசியம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது வ. உ. சிதம்பரம் பிள்ளையின் உருவம். 1906-ம் வருஷம் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மறு வருஷம் "காலியா", "லாவோ" என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. கரையில் கூடியிருந்த ஜனங்களின் ஆனந்தத்தைச் சரித்திரம் மறக்கவில்லை. ஆனால் நாம் அதிகமாக எண்ணிப் பார்க்காத ஓர் உண்மை உண்டு. அந்தக் கப்பல்கள் இரண்டும் அயல்நாட்டில் கட்டப்பட்டவையே. உடைமை சுதேசியம், உள்ளம் சுதேசியம், கப்பலின் இரும்பும் யந்திரமும் அந்நியம்.

இதில் பிள்ளையவர்களின் பெருமைக்கு அணுவளவும் குறைவில்லை. அடிமை நாட்டில் அன்று அதற்குமேல் செய்ய வழியில்லை. ஆனால் சுதேசியத்துக்கு மூன்று படிகள் உண்டு என்பதை அந்தக் கப்பல்கள் நமக்குக் காட்டுகின்றன. பொருளைச் சொந்தமாக்கிக் கொள்வது முதற்படி. பிறர் வரைந்த படத்தைப் பார்த்து நம் கையால் அதைச் செய்வது இரண்டாவது படி. அந்தப் படத்தை வரையும் அறிவையே நம்முடையதாக்கிக் கொள்வது மூன்றாவது படி. ஆயுத விஷயத்தில் நம் தேசம் முதற்படியை வெகு நாட்களுக்கு முன்பே கடந்துவிட்டது. இரண்டாவது படியில் நெடுங்காலம் நின்றது. மூன்றாவது படியில் ஒரு காலை வைத்திருக்கிறது. இன்னொரு கால் இன்னும் கீழே இருக்கிறது.

வெள்ளையர் விட்டுச் சென்றவை

நம் நாட்டில் ஆயுதத் தொழிற்சாலைகள் புதியவை அல்ல. கல்கத்தாவுக்கு அருகில் காசிப்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1801-ம் வருஷத்திலேயே அமைத்தது. நீலகிரி மலையில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை 1904-ம் வருஷம் முதல் நடந்து வருகிறது. 1947-ல் தேசம் பிரிந்தபோது, இத்தகைய தொழிற்சாலைகள் அனைத்தும் இந்திய எல்லைக்குள்ளேயே இருந்தன. பாகிஸ்தானுக்கு ஒன்றும் கிட்டவில்லை. அது 1951-ல் வா என்னுமிடத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது.

ஆனால் பிரிட்டிஷார் நமக்கு விட்டுச் சென்றது எது என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டா செய்யக் கற்றுத் தந்தார்கள்; ரைபிள் செய்யக் கற்றுத் தந்தார்கள். டாங்கியையோ, போர் விமானத்தையோ, அவற்றின் என்ஜினையோ நினைத்து உருவாக்கும் வேலையை மட்டும் தங்கள் தேசத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சமையற்கட்டில் அம்மி அரைக்க ஆள் வைத்துக்கொண்டு, பண்டத்தின் பக்குவத்தை மட்டும் சொல்லாமல் மறைத்த எஜமானியைப் போன்ற சாமர்த்தியம் அது. 1962-ம் வருஷம் சீனப் படை இமயமலையைத் தாண்டி இறங்கியபோது, நம் ஜவான்களில் மிகப் பலர் உலக மகா யுத்தங்களில் பழகிய பழைய .303 ரைபிளைத் தாங்கியே போரிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் நம் தலைவர்களுக்கு இவ்விஷயத்தில் தூக்கம் கலைந்தது.

கடைக்காரர் கதவைச் சாத்தினால்

ஆயுத வியாபாரம் மற்ற வியாபாரங்களைப் போன்றதன்று. அரிசிக் கடைக்காரர் கதவைச் சாத்தினால் அடுத்த தெருவில் வாங்கலாம். போர் விமானம் விற்றவர் கதவைச் சாத்தினால், அந்த விமானத்துக்கு வேண்டிய திருகாணி வேறெங்கும் கிடைக்காது. மேலும் அவர் கதவைச் சாத்துவது பெரும்பாலும் நமக்கு மிகத் தேவையான நேரத்தில்தான்.

1965-ம் வருஷம் செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம் மூண்டவுடன், அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. நமக்கு அதனால் சங்கடம் இருந்தது. ஆனால் பாகிஸ்தானுக்கோ அது பேரிடி. அதன் பாட்டன் டாங்கிகளும் சேபர் விமானங்களும் அமெரிக்கா கொடுத்தவை. ஒரே கடையில் பற்று வைத்திருந்த குடும்பத்தின் கதி அதற்கு நேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் துன்பத்தைக் கண்டு நாம் பாடம் கற்றோமா? பாதி கற்றோம். ஆவடியில் விஜயந்தா டாங்கி அந்த வருஷமே வெளிவரத் தொடங்கியது. அது பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியின் அமைப்பு. மிக் விமானங்களுக்கு ருஷ்யாவை நாடினோம். பிறகு டாங்கி, நீர்மூழ்கிக் கப்பல், ஏவுகணை என்று ஒவ்வொன்றாக நாமும் ஒரே கடையில் பற்று வைத்துக்கொண்டோம். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது உதிரிப் பாகங்களுக்காக நம் அதிகாரிகள் புதிது புதிதாக முளைத்த தேசங்களின் வாசற்படிகளில் காத்திருக்க நேர்ந்தது.

இதைவிட விசித்திரமான கதை ஒன்று உண்டு. நான்கு போர்க் கப்பல்களுக்காக 2016-ம் வருஷம் நாம் ருஷ்யாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டோம். இரண்டை ருஷ்யா கட்டித் தர வேண்டும். இரண்டை நாம் கோவாவில் கட்ட வேண்டும். அந்த வகைக் கப்பலுக்குரிய வாயு டர்பைன் என்ஜின்கள் செய்யப்படும் இடமோ உக்ரேன் தேசத்து மிக்கோலாயிவ் நகரம். 2014-ல் கிரிமியாவை ருஷ்யா கைப்பற்றியதிலிருந்து உக்ரேன் தன் என்ஜின்களை ருஷ்யாவுக்கு விற்க மறுத்துவிட்டது. ருஷ்யாவின் சொந்தக் கடற்படைக்காகத் தொடங்கிய கப்பல்களே என்ஜினின்றிக் கட்டுமானத் துறையில் கிடந்தன. கடைசியில் நாம் உக்ரேனிடம் பணம் கொடுத்து என்ஜின்களை வாங்கி, ருஷ்யாவிடம் சேர்ப்பித்து, கப்பலைப் பூர்த்தி செய்துகொண்டோம். உக்ரேனும் ருஷ்யாவும் ஒன்றையொன்று குண்டுவீசித் தகர்த்துக்கொண்டிருந்த சமயத்தில், 2024 டிசம்பரில், ருஷ்யாவின் கலினின்கிராட் துறைமுகத்தில் "துஷில்" என்னும் அக்கப்பல் உக்ரேனிய என்ஜினுடன் நம் கடற்படையில் சேர்ந்தது. நம் ராஜதந்திரிகளின் திறமையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பகையாளிகளின் தயவு ஒருங்கே கிட்டினால்தான் நம் கப்பல் நகரும் என்பது பெருமைப்படத்தக்க நிலை அல்ல.

சிப்பாய் சொன்ன சொல்

இவ்வளவையும் படித்த நேயர்கள், "அப்படியானால் அந்நிய ஆயுதத்தை அடியோடு விலக்கி, எல்லாவற்றையும் இங்கேயே செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நானும் அவ்வாறே மேடைகளில் முழங்கியிருக்கிறேன். என் வாயை அடக்கியவன் என் பழைய மாணவன் ஒருவன். வடக்கே மலைப் பிரதேசத்தில் காவல் புரியும் படையில் இருப்பவன். பொங்கலுக்கு விடுமுறையில் வந்தவன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். காபி அருந்திக்கொண்டே நான் சுதேசி ஆயுதத்தின் மேன்மையை விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"சார், நீங்கள் சொல்வது வாஸ்தவம். ஆனால் அங்கே குளிரில் நிற்கும்போது, ரைபிள் எந்தத் தேசத்தில் செய்தது என்று நான் பார்ப்பதில்லை. விசையை இழுத்தால் சுட வேண்டும். சுடாவிட்டால் அது எங்கள் ஊரில் செய்ததென்ற சந்தோஷம் எனக்கு எதற்கு?"

இந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. 1999-ல் கார்கில் யுத்தத்தின்போது நான் கல்லூரி மாணவன். நம் நாட்டிலேயே வகுத்துச் செய்த இன்சாஸ் ரைபிளில், கடுங்குளிரில் தோட்டாப் பெட்டி விரிசல் கண்டது முதலிய குறைகள் அந்த யுத்தத்தில் வெளிப்பட்டன. பிற்காலத்தில் ருஷ்ய வகை ரைபிளை உத்தரப் பிரதேசத்துக் கோர்வாவில் செய்ய 2021-ல் ஒப்பந்தமாயிற்று. ரைபிளுக்காகவே சுமார் நாற்பது வருஷ முயற்சிக்குப் பின் நாம் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினோம். அர்ஜுன் டாங்கியின் கதையும் இத்தகையதே. 1974-ல் அனுமதி பெற்ற அத்திட்டத்தின் டாங்கிகள் இராணுவத்திடம் சேரத் தொடங்கியது 2004-ல். தொட்டிலிட்ட பிள்ளை முப்பது வயதில் நடை பழகிற்று. அதற்குள் இராணுவம் ருஷ்ய டாங்கிகளை நூற்றுக் கணக்கில் வாங்கிக்கொண்டது.

பழுதான பண்டத்தைச் சுதேசியம் என்ற பெயரால் சிப்பாயின் கையில் திணிப்பது தேசபக்தி அன்று, துரோகம். கதர் முரடாயிருந்தாலும் உடுத்திக்கொள்ளலாம். அந்தக் கஷ்டம் நம் மேனிக்கு மட்டுமே. தோட்டா முரண்டு செய்தால் போவது பிறன் பிள்ளையின் உயிர். சுதேசி ஆயுதத்தை ஆதரிப்பவர்கள் முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய வாக்கியம் இது.

படம் இருந்தும் பீரங்கி இல்லை

அதே கார்கில் யுத்தத்தில் நம் மானத்தைக் காத்த ஆயுதங்களில் முதன்மையானது போபர்ஸ் பீரங்கி. ஸ்வீடன் தேசத்தில் செய்தது. 1986 மார்ச்சில் 410 பீரங்கிகளுக்கு நாம் ஒப்பந்தம் செய்தோம். நாமே இங்கு செய்துகொள்வதற்கான வரைபடங்களும் அந்த ஒப்பந்தத்தின்படி நமக்குக் கிடைத்தன. மறு வருஷம் ஸ்வீடன் வானொலி லஞ்சப் புகாரை வெளியிட்டது. அதன்பின் தேசத்தில் எழுந்த புயல் யாவரும் அறிந்தது. ஒரு மந்திரிசபையே அதில் ஆட்டங்கண்டு கவிழ்ந்தது.

லஞ்சத்தை விசாரித்தது நியாயம். ஆனால் அந்தப் பரபரப்பில் வரைபடங்கள் இருந்த அலமாரியைத் திறக்க எவருக்கும் துணிவு வரவில்லை. கார்கில் மலையில் நம் வீரர்கள் அந்தப் பீரங்கிகளை இரவும் பகலும் முழக்கியபோது, குண்டுகளுக்காக அயல்நாடுகளை அவசர அவசரமாக நாட வேண்டியிருந்தது. கையில் இருப்பதைக் கொண்டு போரிடுவோம் என்று அப்போதைய சேனாதிபதி ஜெனரல் மாலிக் வெளிப்படையாகவே கூறினார். வீரம் நிறைந்த சொல்தான். ஆனால் ஒரு சேனாதிபதி அதைச் சொல்லும்படி வைத்தது யார் குற்றம்?

கடைசியில், அந்த வரைபடங்களை அடிப்படையாக வைத்து, குழாயை நீட்டிச் சக்தியைப் பெருக்கி, ஜபல்பூரில் "தனுஷ்" என்னும் பீரங்கியைச் செய்தார்கள். முதல் ஆறு பீரங்கிகள் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட நாள் 2019 ஏப்ரல் 8. ஒப்பந்தம் கையெழுத்தாகி முப்பத்து மூன்று வருஷங்கள்! இடையில் வேறொரு வேடிக்கையும் நடந்தது. இதற்கு வேண்டிய ஒருவகைத் தாங்கிகளை, ஜெர்மனியில் செய்தவை என்று கூறி, சீனப் பண்டத்தை விற்றுவிட்டதாக 2017-ல் வழக்குப் பதிவாயிற்று. சீன எல்லைக்குப் போக வேண்டிய பீரங்கியில் சீனத் தாங்கி! பெயர் சுதேசியமாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் உருளையும் யாருடையது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

காவிரியும் மெழுகும்

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். குதிரை ஏன் ஜெர்மனியிலிருந்து வருகிறது? ஆகாய விமானத்திலும் இதே கேள்விதான் நம்மை நெடுநாளாக வாட்டி வருகிறது.

உலக யுத்தத்தில் ஜெர்மனிக்குப் புகழ்பெற்ற போர் விமானங்களை அமைத்தளித்த குர்ட் டாங்க் என்னும் நிபுணரை 1956-ல் நம் சர்க்கார் பெங்களூருக்கு வரவழைத்தது. அவரும் நம் இளைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய "மாருத்" விமானம் 1961 ஜூனில் பறந்தது. ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் செல்வதற்காக வகுத்த அழகிய விமானம் அது. அதற்கேற்ற என்ஜினைப் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று உருவாக்க இருந்தது. அதற்கு வேண்டிய பணத்தைப் போட நம் சர்க்கார் இசையவில்லை. சிறிய என்ஜினைப் பொருத்தினார்கள். எகிப்து தேசத்து என்ஜினைக் கூடப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. மாருதியின் பெயர் கொண்ட விமானம் கடைசிவரையில் தன் பலத்தை அறியாமலே இருந்தது. ஆயினும் 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் நம் தரைப்படைக்கு அது ஆற்றிய சேவை சிறிதல்ல. 147 விமானங்கள் செய்தபின் அந்த வேலை நின்றது. அந்த விமானத்தை வகுத்த அனுபவசாலிகளின் கூட்டமும் கலைந்தது. அதுதான் பெரிய நஷ்டம். அதே காலத்தில் நாசிக்கில் ருஷ்யப் படங்களைப் பார்த்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்களைச் செய்தோம். கை தேர்ந்தது, ஆனால் அடுத்த விமானத்தை நினைக்கும் மூளைக்கு அங்கே வேலை இல்லை.

1980-க்குப் பின் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். விமானத்துக்குத் "தேஜஸ்" என்று பெயர். அதற்காகப் பெங்களூரில் வகுக்கத் தொடங்கிய என்ஜினுக்கு எங்கள் நதியின் பெயரையே சூட்டினார்கள்: "காவேரி". ஆனால் அந்தக் காவேரி தேஜஸைச் சுமக்கும் அளவுக்குப் பெருகவில்லை. 2008-ல் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் பறப்பது அமெரிக்க என்ஜினில். 2021-ல் 83 புதிய தேஜஸ் விமானங்களுக்கு நம் சர்க்கார் ஒப்பந்தம் செய்தது. அவற்றுக்குரிய அமெரிக்க என்ஜின்களில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில்தான். தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் என்ஜின் இல்லாத விமானம் பொம்மைதானே?

என்ஜினில் அப்படி என்ன ரகசியம்? அதன் நெஞ்சில் விரல் நீளமுள்ள உலோக அலகுகள் நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. அவற்றின்மீது மோதும் வாயுவின் உஷ்ணம் அந்த உலோகம் உருகும் உஷ்ணத்தைவிட அதிகம். ஆம், உருக்கிவிடும் நெருப்பில் உருகாமல் நிற்க வேண்டும்! அதற்காக ஒவ்வோர் அலகையும் நிக்கல் கலவையால் ஒரே படிகமாக உறையச் செய்கிறார்கள். உள்ளே மயிரிழை போன்ற துவாரங்களை வைத்து அவற்றின் வழியே காற்றைச் செலுத்திக் குளிரச் செய்கிறார்கள்.

இதைக் கேட்டு நேயர்கள் மலைக்க வேண்டாம். ஏனெனில் அந்த அலகை வார்க்கும் முறை நமக்கு அந்நியமானதன்று. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் கவசம் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஐம்பொன் விக்கிரகம் வார்ப்பது இதே முறையில்தான். அவர்கள் மெழுகின்மேல் பூசுவது காவேரியின் வண்டல் மண். சோழர் காலத்து நடராஜ வடிவங்கள் இந்தக் கையிலிருந்து பிறந்தவை. அப்படியிருக்க நம்மிடம் இல்லாதது எது? கைத்திறமை அல்ல, புத்தியும் அல்ல. ஓர் உலோகத்தை ஆயிரம் விதமாகக் கலந்து, ஆயிரம் தடவை உடைத்து, ஒவ்வொரு முறிவையும் எழுதி வைத்து, அந்த ஏட்டை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் நீண்ட பொறுமைதான் இல்லை. அதற்கு வேண்டிய பரீட்சைச் சாலைகளும் இல்லை. காவேரி என்ஜினை ஆகாயத்தில் பறக்கவிட்டுப் பரீட்சிப்பதற்கு 2010-ல் ருஷ்யாவுக்குக் கொண்டுபோக நேர்ந்தது என்றால் வேறென்ன சொல்வது?

கதவை மூடியவர்களுக்கு நன்றி

இதுவரை குறைகளையே அடுக்கினேன். நிறைகளைச் சொல்லாமல் விடுவது பாவம். 1998 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டுச் சோதனை நடத்தியவுடன் அமெரிக்கா பல உதவிகளை நிறுத்தியது. தேஜஸ் விமானத்தின் பறப்பை அடக்கி ஆளும் கணிப்பொறிக் கட்டளைகளை அமைப்பதில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று துணை செய்துகொண்டிருந்தது, அதுவும் நின்றது. அங்கே சென்றிருந்த நம் விஞ்ஞானிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெங்களூரில் உட்கார்ந்து மிச்ச வேலையைத் தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ந் தேதி தேஜஸ் பறந்தது. அந்தக் கட்டளைகளை இன்று எவரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது.

இன்னோர் உதாரணம்: கொச்சியில் நாமே கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் "விக்ராந்த்". அதற்கு வேண்டிய விசேஷ எஃகை அயல்நாட்டிலிருந்து பெறுவதாக எண்ணம். அது கைகூடவில்லை. ஹைதராபாத் உலோக ஆராய்ச்சிச் சாலையும் நம் எஃகு ஆலைகளும் சேர்ந்து அந்த எஃகை இங்கேயே உருவாக்கின. 2022 செப்டம்பர் 2-ந் தேதி கப்பல் கடற்படையில் சேர்ந்தது. அதில் நூற்றுக்கு 76 பங்கு நம் நாட்டுப் பொருள் என்கிறார்கள். அந்த எஃகு அதன்பின் வேறு கப்பல்களுக்கும் பயன்படுகிறது. என்ஜின் மட்டும்? அது அமெரிக்க அமைப்புத்தான்! சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கு வந்துவிடுகிறோம்.

ஸ்டாக்ஹோமில் உள்ள புகழ்பெற்ற ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 2010 முதல் 2014 வரை நாம் இறக்குமதி செய்த ஆயுதங்களில் நூற்றுக்கு 72 பங்கு ருஷ்யாவுடையது. 2020 முதல் 2024 வரையில் அது 36 ஆகக் குறைந்தது. ஒரே கடைப் பற்று குறைந்தது நல்லதே. ஆனால் குறைந்த இடத்தைப் பிரெஞ்சுக்காரரும் இஸ்ரேலியரும் அமெரிக்கரும் நிரப்பியிருக்கிறார்கள்; கடையை மாற்றியது சமையல் கற்றதாகாது. மறுபுறம், 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த நம் ஆயுத ஏற்றுமதி, 2024-25-ல் 23,622 கோடியாக வளர்ந்தது. ருஷ்யாவுடன் கூட்டாகச் செய்யும் பிரமோஸ் ஏவுகணையைப் பிலிப்பைன்ஸ் தேசம் 2022-ல் ஒப்பந்தம் செய்து, 2024-ல் பெற்றுக்கொண்டது.

எதைச் செய்வது, எதை வாங்குவது?

எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் தேசம் இன்று உலகில் இல்லை என்றே சொல்லலாம். ஒரு கோடி ஜனங்களே உள்ள ஸ்வீடன் தன் போர் விமானத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. என்ஜினுக்கு அமெரிக்க அமைப்பையே ஏற்கிறது. எனவே வாங்குவது வெட்கமன்று. எதை வாங்குகிறோம் என்பதில் விவேகம் வேண்டும்.

என் அற்ப அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். யுத்தம் தொடங்கிய பத்தாம் நாள் எது தீர்ந்துபோகுமோ, அது நம் நாட்டில் விளைய வேண்டும். தோட்டா, குண்டு, வெடிமருந்து, உதிரிப் பாகம் ஆகியவை இந்த இனம். இவற்றில் தரக்குறைவைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. அடுத்து, கதவு சாத்தப்பட்டால் மற்ற எல்லாம் நின்றுபோகும்படியான மூலப் பொருள்: விசேஷ எஃகு, என்ஜின் உலோகம், கணிப்பொறிக் கட்டளை. இவற்றில் நஷ்டம் வந்தாலும் இருபது வருஷம் விடாமல் பணத்தைப் போட வேண்டும். மந்திரி மாறினாலும் மாறாத கொள்கை வேண்டும். மீதியை வாங்கலாம், நாலு கடையில் விசாரித்து, படத்தையும் சேர்த்து வாங்கலாம். வாங்கிய படத்தை அலமாரியில் பூட்டி வைக்காதிருந்தால் சரி.

2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலைகள் அனைத்தையும் ஏழு சர்க்கார் கம்பெனிகளாகப் பிரித்து அமைத்தார்கள். எங்கள் திருச்சித் தொழிற்சாலையும் அதில் ஒன்றைச் சேர்ந்தது. தொழிலாளர்களுக்கு அதுபற்றிக் கவலைகள் இருந்தன. அவற்றை அலட்சியம் செய்யலாகாது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைத்துத் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வட்டாரம் ஒன்றும் 2019-ல் தொடங்கியது. பெயர்ப் பலகைகள் வேண்டிய அளவு ஆகிவிட்டன. அவற்றின் பின்னே பரீட்சைச் சாலைகளும் வளருமா என்பதே கேள்வி.

இதை எழுதும்போது எங்கள் பள்ளிக்கூடத்து ரசாயன, பௌதிக ஆய்வுக் கூடம் என் கண் முன் நிற்கிறது. அங்கே பரீட்சை நோட்டுப் புத்தகங்களைப் பையன்கள் போன வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். விடை சரியாக வந்துவிடுகிறது. கம்பிச்சுருளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டவன் நானும்தான். பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்யும் பழக்கத்தை நாம் நாசிக்கில் கற்கவில்லை. பத்தாம் வகுப்பிலேயே கற்றுவிடுகிறோம்.

ஆகையால் அன்று மாலை அந்தப் பையனையும் வேறு நால்வரையும் நிறுத்தி வைத்தேன். "தம்பி, குதிரை ஏன் ஜெர்மனியிலிருந்து வருகிறது என்று கேட்டாயே, உட்கார்" என்று சொல்லி, மெழுகுவத்தி ஒன்றையும், களிமண்ணையும், ஈயத் துண்டுகளையும் அவர்கள் முன் வைத்தேன். மெழுகில் ஓர் அலகு செய்து ஈயத்தில் வார்த்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வார்ப்பு பிளந்துவிட்டது. இரண்டாவதில் குமிழி. மூன்றாவதை அந்தப் பையன் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுவும் சரியில்லை சார். நாளைக்கு மண்ணை இன்னும் நன்றாகச் சலித்துப் பார்க்கிறேன்" என்றான்.

ஒவ்வொரு தவறும் எதனால் நேர்ந்தது என்பதை நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். எவன் நோட்டைப் பார்த்தும் எழுத வழியில்லாத முதல் நோட்டு அது.